ஆனா என்று நின்ற வண்டி

ராசா,

அப்பாவின் வருஷத் தெவசத்துக்கு வருகிறேன், வந்து அப்படியே வண்டியை எடுத்து நடத்துகிறேன் என்று நீ போனில் சொன்னபோது நான் சரி என்றேன். அந்தச் சரியைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம். சொல்லத்தான் பல தடவை எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, சளி விட்டதா என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அதற்குள் லைன் விட்டுப்போகும், இல்லை கரண்டு போகும். எழுதினால் நடுவில் உன் குரல் வராது.

கோயில் மலருக்கு யாராவது ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா, நீங்கள் எழுதுங்கள், பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் மூன்றாவதோடு நின்றவள் என்று அவருக்குத் தெரியும். வீட்டு விஷயத்தையா கோயில் மலரில் போடுவது என்று நீ கேட்பாய். இதை நீ மட்டும் படித்தால் போதாது, இன்னும் சில பேர் படிக்க வேண்டும். யார் என்று போகப் போகத் தெரியும். உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் வரும். பர்மா பாஷையில் எழுதக் கூடாதா என்று கேட்காதே. அதில் எழுதினால் நான் மரியாதையாக எழுதிவிடுவேன். மரியாதையாக எழுதினால் விஷயம் வெளியே வராது. வாய்விட்டுப் படி, புரியும். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று இதில் எழுதவில்லை. எல்லை தாண்டி இருக்கிறாய், அது போதும்.

முதலில் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், அதை நம்பித்தானே வரப் பார்க்கிறாய். இந்த ஊர் லத்தாப் பேட்டையில் மொத்தக் கடைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிற தெருவில் அப்பா ஒரு முதலாளிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த முதலாளியின் சாமான் வண்டியில் பாதிகூட நிறையாது. பக்கத்துக் கடைக்கார அம்மாள் டோ மியா பிளாஸ்டிக் பையும் காகிதக் கப்பும் விற்கிறவர். அவர் இரண்டு பெட்டி அனுப்ப சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றைப் பிடிப்பார். அந்தச் சைக்காக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு அப்பாவின் வண்டிக்குப் பின்னாலேயே அதே தெருவுக்கு மிதித்துக்கொண்டு வருவார். அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரே தெருவுக்குப் போகிற சாமான் ஏன் தனித்தனியாகப் போக வேண்டும் என்று வீட்டில் என்னைக் கேட்டார், டீக்கடையில் கேட்டார், கடை கடையாக ஏறிக் கேட்டார். கடைசியில் தவணைக்கு ஒரு பழைய சின்ன லாரியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். யாருடைய கடைக்கும் சொந்தமில்லாத, எல்லாக் கடைச் சாமானும் ஏறுகிற வண்டி. லத்தாவில் ஏற்றி, கியாக்டடாவில் தெருத்தெருவாக இறக்கிக்கொண்டே போய், போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் முடியும். திரும்பும்போது துறையில் வந்து இறங்கிய சாமானும் காலிப் பாட்டிலும் காலித் தகரமும் ஏறும். காலியாகத் திரும்புகிற வண்டி வீட்டுக்காரனைத் தின்றுவிடும் என்பார்.

எடுத்ததும் நன்றாகப் போய்விடவில்லை. துறையிலிருந்து ஙாப்பி மீன் விழுது ஜாடி ஏற்றுகிற ஒரு வியாபாரிதான் அப்போது வண்டிக்குப் பெரிய ஆதாரம். ஒரு நாள் ஜாடி ஒன்று விரிசல் விட்டு, பக்கத்தில் இருந்த துணிக்கடைக்காரரின் கல்யாண லுங்கிக் கட்டின்மேல் வடிந்துவிட்டது. அப்பா அந்தக் கட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொன்றாக அலசி, வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டிக் காயப்போட்டுச் சாம்பிராணி போட்டேன். நீ சின்னப் பையன், பட்டு லுங்கிகளுக்கு நடுவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி விளையாடினாய். துணிக்கடைக்காரர் வந்து ஒரு லுங்கியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதெ உடுத்திட்டு மாப்பிள்ளெ நடந்தா, தெருப் பூனெயெல்லாம் பின்னாலெ ஊர்வலம் வரும்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. துணிக்கு ஈடு கட்டினார். மறுநாள் போய் ஙாப்பி வியாபாரியிடம், இனிமேல் உங்கள் சாமானை ஏற்ற முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார். இருப்பதிலேயே அதிகச் சாமான் தருகிறவரை விரட்டுகிறாயே என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் ஒருத்தர் ஏறினால் மற்ற எல்லாரும் இறங்கிவிடுவார்கள் என்றார் அப்பா. அதுதான் அவர் சொன்ன முதல் முடியாது. அதற்குப் பிறகு அவருக்கு அது பழகிவிட்டது.

வண்டி பாதியில் கிளம்பாது என்பார். அதே சமயம் யாருக்காகவும் நேரம் தாண்டி நிற்காது என்பார். இரண்டுக்கும் நடுவில் கடைக்காரர்கள் ஓடி ஓடிச் சாமான் கொண்டுவருவார்கள். என் பெட்டியைக் கடைசியில் ஏற்று, அப்போதுதான் முதலில் இறங்கும் என்று சண்டை வரும். இறங்குகிற வரிசையில்தான் ஏறும், அடுத்த வாரம் வழியைத் திருப்பிப் போட்டு ஓட்டுகிறேன் என்பார், அப்படியே செய்வார். சாமான் இல்லாத நாளுக்கும் இடத்துக்குக் காசு கேட்பார். நான் ஒன்றும் அனுப்பவில்லையே என்றால், உங்களுக்காக இடம் காலியாகப் போனதே, அதற்கு யார் டீசல் போடுவது என்பார். டீசல் ஏறினால் அன்றைக்கே கூலி ஏறும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்பது கிடையாது. டயருக்கும் பேட்டரிக்கும் என்று ஒரு பால் டப்பாவில் தினமும் போடுவார். நீ காய்ச்சலில் வலிப்பு வந்து கிடந்தபோது அந்த டப்பாவை எடு என்று நான் கத்தினேன். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நீயும் ஒரு மனுஷனா என்று கேட்டேன். டயர் போனால் மருந்துக்குக் கைமாற்றுக்கூட யாரும் தர மாட்டார்கள் என்றார். பல நாள் நான் அவரோடு பேசவில்லை.

மலரை இந்தியாவிலிருந்து வருகிறவர்களும் படிப்பார்கள் என்று டீச்சரம்மா சொன்னார், அதனால் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் எழுதிவிடுகிறேன். பர்மா பாஷையில் ஆனா என்று ஒரு சொல் இருக்கிறது. அடுத்தவர் மனசு சங்கடப்படுமே என்று நம் வாயை நாமே கட்டிக்கொள்வதற்கு அந்தப் பேர். பசித்தாலும் சாப்பிட்டாயிற்று என்பது, கால் வலித்தாலும் உட்காராமல் நிற்பது, வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிக்கொள்வது, எல்லாம் ஆனாதான். இந்த ஊரில் அது கெட்ட குணம் இல்லை. அது இல்லாதவனைத்தான் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். டோ மியா அப்பாவை வாய்க்கு வந்தபடி கேலி செய்வார், இந்தியாக்காரர்களை இளக்காரமாகச் சொல்கிற காலா என்ற பேரால்கூடக் கூப்பிடுவார், அவருக்கு அந்த உரிமை உண்டு. "இந்தக் காலாவுக்கு ஒடம்புலெ எல்லாம் இருக்கு, ஆனா மட்டும் கெடையாது" என்று ஒரு நாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னார். அப்பா பெட்டியைத் தோளில் வைத்தபடியே, "எனக்கு ரெண்டு ஆனா இருக்கு, டோ மியா. தமிழ்லெ ஒண்ணு, உங்க பாஷெயிலெ ஒண்ணு. ரெண்டெயும் வண்டியிலெ ஏத்தறதில்லெ" என்றார். நீயும் அங்கே நின்றுகொண்டிருந்தாய். விழுந்து விழுந்து சிரித்தாய்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போதுதான் விளங்குகிறது. பத்துப் பேர் சாமான் ஏறுகிற வண்டி ஓட வேண்டுமென்றால் அதில் முடியாது என்று சொல்கிற ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளை யாருக்கும் பிடிக்காது. பொண்டாட்டிக்கும் சில நாள் பிடிக்காது. அப்படிச் சம்பாதித்த கெட்ட பேரில்தான் அந்த வண்டி இத்தனை வருஷம் ஓடியது.

பிறகு காலம் கெட்டது. அதை உனக்கு நான் எழுத வேண்டாம். பட்டாளத்துக்கு வாலிபப் பையன்கள் பேரை எழுத ஆரம்பித்ததும் அப்பாதான் உன்னை அனுப்பினார். பஸ் நிலையத்தில் உன்னிடம் அவர் பேசியது டயர் காற்றைப் பற்றி, வண்டியே இல்லாத ஊருக்குப் போகிறவனிடம். நீ போனபிறகு கோ தெய்னை ஓட்டுகிறவராக வைத்தார். கோ தெய்ன் தலை நரைத்தவர், அவரை யாரும் தேடி வர மாட்டார்கள், அதனால்தான் வைத்தார். லத்தாவில் பாதிக் கடை கதவைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய ஆரம்பித்தார்கள். டீசலுக்கு வரிசை. போனில் கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கே வருகிற பெரிய கம்பெனி வண்டிகள் வந்தன. அவர்களுக்கு டீசல் எப்படியோ கிடைக்கிறது. அப்பா இரண்டு தெருவை விட்டார், வாரத்தில் இரண்டு நாளை விட்டார், கூலியை ஏற்றினார், சில கடைகளைப் போய்விடுங்கள் என்று சொல்லியே அனுப்பினார். வண்டி மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை.

அப்பா எப்படிப் போனார் என்று உனக்கு முழுசாக நான் சொல்லவில்லை. டீசல் வரிசையில் போனார் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குக் கோ தெய்னுக்கு உடம்பு சரியில்லை, அதனால் அவரே காலையில் வண்டியைக் கொண்டுபோய் வரிசையில் நின்றார். வரிசை நகர்ந்தபோது நம் வண்டி நகரவில்லை. ஸ்டியரிங்கில் கையை மடித்து அதன்மேல் தலையை வைத்திருந்தார். பின்னால் இருந்த டாக்சிக்காரர் இறங்கிப் பார்த்திருக்கிறார். பெரியவர் அசந்துவிட்டார் பாவம், எழுப்ப வேண்டாம் என்று, ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கியரை எடுத்துவிட்டு நாலு பேராக வண்டியை முன்னால் தள்ளியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை. வரிசை நகர நகர, அவர் முறை போய்விடக் கூடாதே என்று, பம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள். டீசல் போட்ட பெண்தான் காசுக்காக அவர் தோளைத் தொட்டாள்.

அந்த டாக்சிக்காரர் துக்கத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்று, இந்த ஊர் வழக்கப்படி அம்மா முறை வைத்து, "எழுப்ப ஆனாவா இருந்துச்சு, அமேஜி" என்று சொல்லிவிட்டு அழுதார். உன்னைவிடக் கொஞ்சம் பெரியவர். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். முன்னாலேயே எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேட்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். அவருக்கும் ஆனா. நிஜம் எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. ஆனா இல்லாத மனுஷனை ஆனாவால் தள்ளிக்கொண்டுபோய் விட்டார்கள், ராசா. யாரைக் குறை சொல்வது? நானாக இருந்தாலும் எழுப்பியிருக்க மாட்டேன்.

கடைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். அப்பா விரட்டிவிட்ட ஙாப்பி வியாபாரிகூட வந்து பாடையைத் தொட்டார். டோ மியா ஏழாம் நாள் அவருக்காகப் பிக்குகளுக்குச் சோறு கொடுத்தார். போட்டாதாங் மசாலாக் கடைச் செல்லையா அண்ணன் கருமாதி வரைக்கும் நம் வீட்டிலேயேதான் இருந்தார். பந்தல் பிரிக்கிற அன்றைக்கு எல்லாருமாகச் சேர்ந்து, வண்டி நிற்கக் கூடாது, நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். நீயும் அன்றைக்குப் போனில் அதைக் கேட்டாய். கோ தெய்ன் ஓட்ட, நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போக ஆரம்பித்தேன். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அப்பா உட்கார்ந்த சீட்டு, அப்பா இறக்கிய தெரு. ஒவ்வொரு கடையும் தினம் ஒரு பெட்டி கொடுத்தது. முன்பு போல ஏழு எட்டு இல்லை, ஒன்று. காலம் அப்படி, வியாபாரம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றென்றாலும் தவறாமல் கொடுக்கிறார்களே என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லிக்கூட இருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் கியாக்டடாவில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். வண்டி நின்றுவிட்டது. பின்பக்கம் தார்ப்பாய் விலகி டோ மியாவின் பெட்டி நனைவதைப் பார்த்து நான் இறங்கினேன். செல்லையா அண்ணன் கடைக்குப் போகிற பெட்டி. சிவப்பு நாடாக் கயிறு, ஒரு மூலையில் நீல டேப்பு. அந்த டேப்பை முந்தின நாளும் பார்த்தது போல இருந்தது, அந்த வாரமே இன்னொரு நாளும். கோ தெய்ன் ஓடி வந்தார். அவர் பேசியது பர்மா பாஷையில், நான் தமிழில் எழுதுகிறேன்.

"அமேஜி, விட்டுடுங்க. அது நனஞ்சா ஒண்ணுமில்லெ."

"காகிதக் கப்புய்யா. நனஞ்சா கூழாப் போயிடும்."

"கப்பு இல்லெ."

நான் அதற்குள் தூக்கிவிட்டேன். அடி நைந்து போயிருந்தது. பேப்பரில் சுற்றிய ஒரு செங்கல் என் கால் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது. காகிதக் கப்புப் பெட்டிக்குள் செங்கல் எதற்கு என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே எனக்குப் புரியவில்லை. கோ தெய்ன் குனிந்து அதைத் தேடி எடுத்து, ஏதோ விலையுள்ள சாமான் போலத் துடைத்தார்.

"மத்தப் பெட்டியிலெயும் கல்லுதானா?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலெயும் கல்லு இல்லெ. செலதுலெ பழைய பேப்பரு." கல்லை வண்டியில் வைத்துவிட்டு, "கல்லு வெக்கச் சொன்னது நாந்தான், அமேஜி. எடெ இல்லாட்டி நீங்க தூக்கும்போதே கண்டுபிடிச்சிடுவீங்க" என்றார்.

பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து மழை விடுகிற வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். கடைகளின் நிஜச் சாமான் எல்லாம் அப்பா போன அடுத்த மாதமே கம்பெனி வண்டிக்குப் போய்விட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வண்டி சொன்ன நேரத்துக்கு வருகிறது. நம் வண்டி டீசல் கிடைத்தால் வருகிறது. ஆனால் தாலி இறங்கின வீட்டில், வருஷம் திரும்புவதற்குள், இனிமேல் உங்கள் வண்டி வேண்டாம் என்று யார் வாய் திறப்பது? அதனால் ஆளுக்கு ஒரு பெட்டி என்று பேசி வைத்துக்கொண்டார்கள். லத்தாவில் டோ மியா கட்டிக் கொடுப்பார், போட்டாதாங்கில் செல்லையா அண்ணன் வாங்கிக்கொள்வார். மறுநாள் அதே கல்லை அவர் தன் சாமான் என்று ஏற்றி லத்தாவுக்கு அனுப்புவார். இரண்டு பேரும் அதற்குக் கூலி கொடுப்பார்கள். வருஷத் தெவசம் வரைக்கும் இப்படி ஓட்டிவிட்டு அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம் என்று எண்ணம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வழியில் ஒரு கடையில் வேறு அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, அந்தக் கல்லைத் திரும்ப வைத்து, கயிறு கட்டி, கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்லையா அண்ணன் எப்போதும் போல இரண்டு கையாலும் வாங்கினார். பெட்டி மாறியிருப்பதைப் பார்த்தார். நான் மிளகாய் மூட்டையைப் பார்த்தேன்.

"மழையிலெ நனையலியே, தங்கச்சி?"

"இல்லெண்ணே. பத்தரமா இருக்கு."

கூலியைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு விட்டுவிடவில்லை, ராசா. அதற்குப் பிறகும் மழைக்காலம் முழுக்க அந்தக் கல்லை நான் லத்தாவுக்கும் போட்டாதாங்குக்கும் ஏற்றி இறக்கினேன். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். யார் முதலில் வாய் திறந்தாலும் அடுத்தவர் முகம் தொங்கிப்போகும். ஒரு கல்லைச் சுமக்க டீசல் வரிசையில், அப்பா உயிரை விட்ட அதே வரிசையில், கோ தெய்ன் நின்றுகொண்டிருந்தார். கூலி டீசலுக்கே போதவில்லை. பால் டப்பாவில் டயருக்கு இருந்ததை எடுத்து டீசல் போட்டேன். உனக்கு வலிப்பு வந்தபோதுகூட அவர் தொடாத டப்பா.

நீ செல்லையா அண்ணனுக்குப் போன் போட்டு விசாரித்தது எனக்குத் தெரியும். வண்டி தினம் வருகிறது தம்பி, அம்மா கையால்தான் சாமான் வாங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதை நம்பித்தான் நீ கணக்குப் போட்டாய். இந்தக் காலத்திலும் தினம் ஓடுகிற வண்டி என்றால் கொஞ்சம் கை கொடுத்தால் நிமிர்ந்துவிடும், அம்மாவைத் தனியாக விட வேண்டாம், அப்பா பேரும் நிற்கும் என்று. நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். சரி ராசா என்றேன்.

இந்தப் பௌர்ணமிக்குக் கோ தெய்ன் சம்சாரம் மீன்சாறு ஊற்றின மொஹிங்காச் சேமியா கொண்டுவந்தாள். பேச்சுவாக்கில், கம்பெனி வண்டிக்காரர்கள் அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், இப்போது இனிமேல் கூப்பிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னிடம் சொல்ல ஆனாவாக இருந்ததாம். அவள் போனபிறகு அந்த மொஹிங்கா எனக்கு உள்ளே இறங்கவில்லை. என் முகம் வாடக் கூடாது என்று டோ மியா காசை விடுகிறார், செல்லையா அண்ணன் காசை விடுகிறார், கோ தெய்ன் வேலையை விடுகிறார். அடுத்து நீ வரப்போகிறாய். நீ எதை விடுவாய் என்று நினைத்துப் பார்த்தேன்.

நீ வந்தால் என்ன நடக்கும் என்று உள்ளதைச் சொல்கிறேன். உன்னையும் அன்பாக ஏமாற்றுவார்கள். மகன் வந்திருக்கிறான், முகத்தை முறிக்கலாமா என்று இன்னும் கொஞ்ச நாள் கல் ஏற்றுவார்கள். கல் நின்றபிறகு ஏற்ற ஒன்றும் இருக்காது. கம்பெனியோடு போட்டி போட உனக்கு டீசல் கிடைக்காது. தெருவில் தினமும் வண்டியில் போகிற உன் வயதுப் பையனை எத்தனை இடத்தில் நிறுத்திப் பேர் கேட்பார்கள் என்று உனக்கே தெரியும். மற்றதை மலரில் எழுதக் கூடாது. காலம் மாறும், ஒரு வருஷம் பொறு என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. மாறும் என்பதற்கு என் கண்ணில் ஒரு அடையாளமும் படவில்லை. படாததை எழுத மாட்டேன்.

இருக்கிற ஊரில் நீ நாலு பேரோடு சேர்ந்து ஏதாவது தொழில் செய்தால் அப்பா செய்ததை நினைத்துக்கொள். இடத்துக்குக் காசு வாங்கு. காலியாகத் திரும்பாதே. டயர்க் காசைச் சோற்றுக்கு எடுக்காதே. எல்லாரும் உன்னை நல்லவன் என்றால் உள்ளே எங்கேயோ கல் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள். நல்லவர்கள் பத்துப் பேர் ஒருத்தர் மனசை ஒருத்தர் நோகவிடாமல் அந்த வண்டியைக் கொன்றோம். அதில் நானும் ஒருத்தி.

இன்றைக்குக் கல் லத்தாவிலிருந்து போக வேண்டிய முறை. டோ மியா கட்டிக் கொடுத்தார், நான் வாங்கினேன், ஆனால் கொண்டுபோகவில்லை. வண்டியை நேராக நம் தெருவுக்கு விடச் சொன்னேன். வீட்டுப் பக்கத்தில் கொஞ்சம் சரிவு இருக்கிறதே, அங்கே நிறுத்தச் சொல்லி, பெட்டியைப் பிரித்து, அந்தச் செங்கலை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். கோ தெய்ன் பார்த்துக்கொண்டே நின்றார். நாளைக்கு எப்போது வரட்டும் என்று கேட்டார்.

"நாளைக்கு இங்கெ வராதீங்க. அந்தக் கம்பெனியிலெ போய் நில்லுங்க. கூப்பிட மாட்டோம்னு சொன்னா என்ன, நீங்களே போய்க் கேளுங்க."

"அமேஜி, எனக்கு ஆனாவா..."

"அதெ எறக்கி வெச்சிட்டுப் போங்க."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தெரு முனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை, அதுவும் எனக்காகத்தான் இருக்கும்.

நாளைக்கு வண்டி வராததைப் பார்த்துவிட்டு டோ மியா ஓடி வருவார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது, ரிப்பேர் என்றுதான் சொல்வேன். அதனால்தான் இது அச்சில் வரட்டும் என்றேன். செல்லையா அண்ணன் மலரை முதல் பக்கத்திலிருந்து விளம்பரம் வரைக்கும் படிக்கிறவர். அவர் டோ மியாவுக்குப் பர்மா பாஷையில் சொல்லட்டும். குறைக்காமல் சொல்லட்டும். அவர்கள் செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் என்பதையும், இனி ஒரு பெட்டிகூட அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லட்டும். வண்டியைப் பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

கோ தெய்னுக்குச் சொல்லிவிட்டேன், கடைக்காரர்களுக்கும் எழுதிவிட்டேன். நீதான் பாக்கி.

தெவசத்துக்கு ஐயரிடம் பேசிவிட்டேன், டீச்சரம்மா வீட்டுப் பிள்ளை தர்ப்பை பிடிப்பான். அன்றைக்கு நீ இருக்கிற இடத்தில் ஒரு குழாயடியில் நின்று எள்ளும் தண்ணீரும் விடு, அப்பாவுக்கு வந்து சேரும். நான் தனியாகத்தான் இருப்பேன், அதற்கு வேறு வழியில்லை. வராதே, ராசா. அம்மா சொன்ன சரியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். வராதே.

இதற்குப் பிறகு ஒரு ஆனா வருகிறது. தமிழ் ஆனாவா, பர்மா ஆனாவா என்று எனக்கே தெரியவில்லை. அதை எழுதாமல் நிறுத்துகிறேன்.

அம்மா